தொட்டிக்குள் உப்பளம் கட்டாதீர்கள்: பவளத் தொட்டி அமைப்போர் செய்யும் தவறுகள்

கடந்த ஆடி மாதத்தில் வண்ணார்பேட்டையைச் சேர்ந்த ஓர் இளைஞர் தம் வீட்டுப் பவளத் தொட்டியின் (உப்புநீரில் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) படத்தை எனக்கு அனுப்பி, "அண்ணாச்சி, தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, ஆனா ஒரு பவளமும் விரியல" என்று எழுதியிருந்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் நான் பார்த்துப் பார்த்து வருந்திய அதே காட்சிதான் அந்தப் படத்தில் இருந்தது. மீனுக்கு அளவு மீறித் தீனி போடாதீர்கள், தொட்டியை வெயில் விழும் சன்னலருகே வைக்காதீர்கள் என்பன போன்ற அறிவுரைகளை எவரும் சொல்லிவிடுவர் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்ற எண்ணம்

திருநெல்வேலிக்காரர்களுக்குத் தூத்துக்குடியும் திருச்செந்தூரும் ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பதால், கேன்களை வண்டியில் ஏற்றிச் சென்று கடல்நீர் பிடித்து வந்தால் செலவு மிச்சம் என்று முதலில் தோன்றும். கரையோரத்தில் முகந்த நீரில் கழிவும் படகுகளின் எண்ணெயும் கலந்திருக்கக்கூடும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் மூடிய கேனுக்குள் வழியிலேயே இறந்து அழுகத் தொடங்கும். தூய நீரில் பவளத் தொட்டிக்கான உப்பைக் கலந்து, லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவில் நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பு அதற்கு ஆகாது.

கரையில் கிடக்கும் பவளத்துண்டு

எடுக்காதீர்கள், செத்துக் காய்ந்த துண்டானாலும் குற்றமே. கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் கருப்புப் பவளங்களும் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் கிடப்பதற்கு, சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தது ஒரு முக்கியக் காரணம் என்பதை அறிந்த பிறகும் எவருக்கேனும் அந்த ஆசை எழுமானால், அவரிடம் தொட்டியைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. நான் வளர்ப்பவை அந்த அட்டவணையில் இடம்பெறாத ஜோவாந்திட் (பொத்தான் போல் விரியும் சிறு உயிர்), காளான் பவளம், தோல் பவளம் என, தொட்டி வளர்ப்போர் மென்பவளங்கள் என்று அழைப்பவை மட்டுமே. பாறைக்கு, செயற்கையாகச் செய்து விற்கப்படும் பீங்கான் பாறையே போதும்.

முதல் மாதமே மீன்

நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுங்கள். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை தொட்டி வெறும் தண்ணீர்தான்.

ஆவியாகும் நீருக்குப் பதிலாக எதை ஊற்றுவது

இனி, இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவற்றுக்கு வருகிறேன். குற்றாலத்தில் சாரல் பெய்யும் அதே நாட்களில் பாளையங்கோட்டையில் மழையின்றி, கணவாய் வழியாக இறங்கி வரும் வறண்ட காற்று மட்டும் நாள் முழுவதும் வீசிக்கொண்டிருக்கும். அந்தக் காற்று போதாதென்று, நீரின் சூட்டைத் தணிக்க நாமும் தொட்டிக்கு மேலே மின்விசிறிகளைப் பொருத்துகிறோம். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட என் தொட்டியில், பாறையும் மணலும் போக ஏறத்தாழ 200 லிட்டர் நீர் நிற்கும். ஆடியில் அதிலிருந்து நாளொன்றுக்கு 4 லிட்டர் வரை ஆவியாகிவிடும்.

ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தும், கடல் தொட்டிக்குக் கடல்நீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, குறைந்த 4 லிட்டருக்கு ஈடாக நாள்தோறும் 4 லிட்டர் உப்புநீரை ஊற்றி வந்தேன். அதன் பொருள், ஏற்கெனவே 7 கிலோ உப்பு கரைந்திருந்த தொட்டியில் ஒவ்வொரு நாளும் மேலும் 140 கிராம் உப்பைப் போட்டேன் என்பதே. பத்தே நாளில் லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 42 கிராமாக ஏறிவிட்டது. ஜோவாந்திட்கள் மூடிக்கொண்டன, நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. நானோ விளக்கின் மேல் பழிபோட்டு, புதிய விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினேன். உப்பை அளக்கும் முள் கருவி என்னிடம் இருந்தது. ஆனால் அதன் முள்ளில் உப்புப் பொருக்கு படிந்து அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்ததால், அது உண்மைக்குக் குறைவான அளவையே காட்டி வந்தது.

அந்த வாரம் ஆறுமுகநேரியிலிருந்து என் மாமா வந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் வேலை பார்த்தவர். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக் கண்டதும், அடுத்த முறை வரும்போது உப்பளப் பாத்தித் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரிக் கணக்கில் பார்க்கும் கண்ணாடி மிதவையை மறவாமல் எடுத்து வந்தார். ஒரு வாளியில் தொட்டி நீரை முகந்து அதில் மிதவையை விட்டு, குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருமவனே, கடத்தண்ணி மூணரைக்கு மேல ஏறாது. இது நாலரை காட்டுது. தண்ணி போயிருது, உப்பு எங்க போவும்? நீ வீட்டுக்குள்ள பாத்தில்லா கட்டியிருக்க!"

அவமானத்தில் அன்றிரவே இன்னொரு பிழை செய்தேன். ஏறிய உப்பை உடனே இறக்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் 30 லிட்டர் உப்பு நீரை வெளியேற்றிவிட்டு, அதே அளவு உப்பில்லாத நீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். மெல்ல ஏறிய உப்பைத் தாங்கியிருந்த உயிர்கள், ஒரே இரவில் இறங்கிய உப்பைத் தாங்கவில்லை. எஞ்சியிருந்த பவளங்களில் பாதியும் இறாலும் மறுநாள் மாலைக்குள் போய்விட்டன. ஏறிய உப்பை லிட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் குறைக்காமல் ஒரு வாரத்தில் இறக்கியிருந்தால், அவற்றுள் பலவும் பிழைத்திருக்கும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் "உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள், நல்ல தண்ணீரை ஊற்றுங்கள்" என்று சொல்லத் தொடங்கினேன். அதிலும் ஒரு வினை ஒளிந்திருந்தது. நம் ஊர் வீடுகளில் உப்புத் தண்ணீர் என்றால் போர்வெல் தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். வண்ணார்பேட்டை இளைஞர் நான் முன்பொருமுறை சொன்னதை அப்படியே பின்பற்றிக் குழாய் நீரை மூன்று மாதம் ஊற்றியிருக்கிறார். அது வராத நாட்களில், அதுவும் கடலுப்புக் கலக்காத நீர்தானே என்று போர்வெல் நீரையும் ஊற்றியிருக்கிறார். ஆகவே அவர் தொட்டி கெட்டதில் பாதிப் பழி என் சொல்லுக்கு உரியது.

நாம் குடிப்பதற்கு ஏற்ற நீர் தொட்டிக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். 40 மில்லிகிராம் உள்ள போர்வெல் நீரை நாளொன்றுக்கு 4 லிட்டர் ஊற்றினால், 200 லிட்டர் தொட்டியில் நாள்தோறும் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் சேர்ந்து, ஒரு மாதத்தில் 24 ஆகிவிடும். நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும், பித்தளைக் குழாய் இருந்தால் அதன் செம்பும், மாமா சொன்ன உப்பைப் போலவே போக வழியின்றித் தங்கிவிடுகின்றன. முதலில் பாறையில் பழுப்பு படரும். பிறகு தலைமுடி போன்ற பச்சைப் பாசி வளரும். அதன் பிறகுதான் பவளம் மூடும். அதற்குள் மூன்று மாதம் ஓடிவிடுவதால் எவரும் தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை.

ஆகவே இப்போது சொற்களை எண்ணிப் பேசுகிறேன். ஆர்ஓ வடிகட்டியைக் கடந்து, அதன்பின் எஞ்சிய கரைபொருட்களைப் பிடித்துக்கொள்ளும் அயனி நீக்கும் ரெசினையும் கடந்து, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரைத்தான் ஆவியான நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டும். கடையில் விற்கும் 20 லிட்டர் கேன் நீரை மீட்டரில் அளந்து பாருங்கள். என் தெருவில் கிடைப்பது 60 முதல் 90 வரை காட்டுகிறது. தொட்டியோடு இணைந்த, பம்பு இருக்கும் தடுப்பறையின் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப்பை ஒட்டி, அந்தக் கோடு வரை காலையும் மாலையும் சிறிது சிறிதாக நிரப்புங்கள். ஐந்து நாள் விட்டுவிட்டு ஒரே தடவையில் 20 லிட்டர் கொட்டுவது நான் அன்றிரவு செய்ததற்குச் சமம். மிதவை வால்வு வைத்துத் தானாக நிரம்பச் செய்யலாம். ஆனால் அதை மாடித் தொட்டியோடு இணைக்காமல் 20 லிட்டர் பாத்திரத்தோடு மட்டும் இணையுங்கள். வால்வு சிக்கிக்கொண்டாலும் உப்பு 35இலிருந்து 32க்குக் கீழே பெரிதாக இறங்காது. உப்பு கலந்த நீருக்கு நீல டிரம், கலக்காத நீருக்கு வெள்ளை டிரம் என்று பிரித்துவைப்பதை என் வீட்டில் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். முள் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதைச் சரிபார்க்க, லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தைப் பயன்படுத்துங்கள்.

சித்திரை வெயில்

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி போதும். மின்விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும் என்பதால், நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லருக்குப் பணம் ஒதுக்காமல் நம் ஊரில் பவளத் தொட்டி தொடங்காதீர்கள்.

மின்தடை

மீன் வாங்குவதற்கு முன் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு வாங்குங்கள்.

ஜோவாந்திட்டை வெறுங்கையால் தொடுதல்

இவற்றுள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்வதாக எண்ணிக் கொதிநீரில் போடாதீர்கள். ஆவியோடு கிளம்பும் நஞ்சு வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். மாமா அன்று நாக்கில் வைத்துப் பார்க்காமல் மிதவையைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று.

செம்பு மருந்து

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மருந்தை அங்கே ஊற்றுங்கள்; பவளத் தொட்டியில் ஊற்றினால், பவளத்துக்கு நஞ்சான செம்பு பாறைக்குள் ஊறிவிடும்.