இங்கிலீஷைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்பவர்களுக்கு: ஜெர்மன் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஜெர்மன் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக நினைக்கிற, நர்சிங் முடித்த பெண்கள். வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம், ஆலங்குளம் என்று நாலா பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு குழுவும் நான் படித்த காலத்துத் தவறுகளையே, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்கிறது. தினமும் படிக்காமல் இருப்பது, வகுப்புக்கு மட்டம் போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தவறு என்பது செய்கிறவருக்கே தெரியும். சரி என்று நம்பிச் செய்கிற தவறுகள்தான் பணத்தையும் காலத்தையும் தின்கின்றன.

முப்பது நாளில் பி1

நடக்காது. ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறுகிற மொழித்தேர்ச்சிப் படிகளில் பி1 மூன்றாவது. அந்த நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை வேண்டும் என்று, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்துகிற கோத்தே நிறுவனமே சொல்கிறது. குறைந்த கணக்கை எடுத்தாலும் 262 மணி நேரம். முப்பது நாளில் முடிக்க நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

முதலில் இங்கிலீஷ், பிறகு ஜெர்மன்

எனக்கு இன்றும் எரிச்சல் அடங்காத தவறு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெண்ணைச் சேர்க்க வரும் அப்பாக்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி: "இங்கிலீஷுக்கே தட்டுத்தடுமாறுகிற பிள்ளைக்கு ஜெர்மன் எப்படி சார் வரும்?" பிள்ளை தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கும். நர்சிங் பாடத்தை இங்கிலீஷில் எழுதித் தேறியிருந்தாலும் நாலு வாக்கியம் பேசச் சொன்னால் தலை குனிந்துவிடும். உடனே ஊரில் யாராவது ஒருவர், "முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷில் சேருங்கள், அது வந்துவிட்டால் ஜெர்மன் தானாக வரும்" என்று யோசனை சொல்லிவிடுவார். சொல்கிறவருக்கு இரண்டுமே தெரியாது என்பது வேறு விஷயம்.

களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஸ்போக்கன் இங்கிலீஷுக்குப் பணம் கட்டி, அரை வருடத்தை அங்கே கழித்துவிட்டு வந்தவர். இங்கிலீஷ் ஓரளவு வந்திருந்தது. அதுவே வினையாகவும் போயிற்று. உடல் உபாதைகளைச் சொல்லும் பாடம் நடந்துகொண்டிருந்தது. நோயாளிக்குக் குமட்டுகிறது, அதை நோயாளி எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். இங்கிலீஷில் வாக்கியத்தை அமைத்து, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, "இஹ் பின் ஷ்லெஹ்ட்" என்றார். ஜெர்மன்காரர் காதில் அது "நான் மோசமானவன்" என்று விழும். குளிரைச் சொல்லச் சொன்னேன். "இஹ் பின் கால்ட்" என்று வந்தது. அதுவும் தவறு.

வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "எனக்குக் குளிருகிறது" என்றார். ஜெர்மனிலும் அப்படித்தான்: "மியர் இஸ்ட் கால்ட்". "மியர்" என்றால் "எனக்கு". குமட்டலுக்கு "மியர் இஸ்ட் ஷ்லெஹ்ட்". தலைசுற்றலுக்கு "மியர் இஸ்ட் ஷ்விண்ட்லிஹ்". முதுகு வலித்தால் "மியர் டூட் டேர் ரூக்கன் வே", அதாவது எனக்கு முதுகு வலிக்கிறது. நலம் விசாரிக்கும் "வீ கேட் எஸ் ஈனன்" கூட "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று நம் வார்டுகளில் கேட்பதுதான். உபாதை நம்மிடம் வருகிறது, நாம் அதுவாக ஆவதில்லை என்கிற இந்தப் போக்கு தமிழில் உண்டு, ஜெர்மனில் உண்டு, இங்கிலீஷில் இல்லை. கையிலிருந்த நேர்வழியை விட்டுவிட்டு அந்தப் பெண் பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நாகர்கோவில் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.

இது ஒன்றோடு முடிகிற சங்கதி அல்ல. "நான் நோயாளிக்கு மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன்" என்பதை ஜெர்மனில் சொன்னால் "இஹ் ஹாபெ டேம் பாட்சியென்டன் டீ டாப்லெட்டெ கெகேபன்". நோயாளிக்கு, மாத்திரையை, கொடுத்து என்று அதே வரிசை; "ஹாபெ" என்கிற துணைவினை மட்டும் முன்னால் போய் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. யாருக்கு, எதை என்பதை வேற்றுமையே காட்டிவிடுகிறது. ஜெர்மனில் வேற்றுமை மொத்தமே நான்கு. பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமையை உருபோடு ஒப்பித்த பிள்ளைகள் இந்த நான்கைப் பார்த்து மிரளுவதற்குக் காரணம், அதை "டேட்டிவ், அக்யூசேட்டிவ்" என்று இங்கிலீஷ் பெயரில் சந்திப்பதுதான். "கு" வருகிற இடம், "ஐ" வருகிற இடம் என்று சொன்னால் பாதி பயம் போய்விடும். எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. முன்னிடைச்சொற்கள் (பெயருக்கு முன்னால் வருகிற சிறு சொற்கள்) சில தமக்கென்று ஒரு வேற்றுமையைக் கேட்கும். அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். அது பிற்பாடு.

காரணம் சொல்லும் வாக்கியமும் அப்படித்தான். "ஏனென்றால்" என்கிற "வைல்" போட்டால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும்: "வைல் இஹ் கிராங்க் பின்", அதாவது ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை; "பின்" தான் வினை. இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் "வைல் இஹ் பின் கிராங்க்" என்கிறார்கள். வினையைக் கடைசியில் வைத்தே பிறந்தது முதல் பேசிவருகிற வாய், நடுவில் ஒரு மொழி புகுந்ததால் தடுமாறுகிறது.

நோயாளியிடம் "சீ", கூட வேலை பார்ப்பவர்களிடம் பெரும்பாலும் "டூ" என்கிற மரியாதை வேறுபாட்டுக்கும் நமக்கு விளக்கமே தேவையில்லை. நீ, நீங்கள் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிடப் பாடம். இங்கிலீஷின் ஒற்றை முன்னிலையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் எண்பது வயதுப் பாட்டியை "டூ" என்று கூப்பிடுகிறார்கள்.

இங்கிலீஷ் தெரிந்தால் லாபமே இல்லை என்று சொல்லவில்லை. கை, விரல், தண்ணீர், வீடு போன்ற நூற்றுக்கணக்கான சொற்கள் இரண்டிலும் ஒட்டிப் பிறந்தவை. தெரிந்தவர்களுக்கு ஆரம்ப மாதங்களில் சொல்வளம் சீக்கிரம் ஏறும். ஆனால் கோத்தே தேர்வில் இங்கிலீஷ் எங்கும் கேட்கப்படுவதில்லை. கேள்வி, குறிப்புரை எல்லாமே ஜெர்மன்தான். ஜெர்மனியில் வார்டில் பேசுவதும் ஜெர்மன். இல்லாத நுழைவுத் தேர்வு ஒன்றை நாமே உண்டாக்கி, அதற்கு அடகுக்கடைக்கும் போகிறோம். நர்ஸாக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஏ1-ல் தொடங்கி நாலாவது படி அது. அரை வருடம் தாமதமானால் அந்த ஏணியில் அரை வருடம் கீழே நிற்கிறோம், அவ்வளவுதான். அந்தச் சிஸ்டர் பி1 தேறிவிட்டார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது

தமிழின் உதவியை எடுங்கள் என்று சொன்னதற்காக நோட்டு முழுக்கத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்க வேண்டாம். நம் "க" ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை பார்க்கிறது. "ப", "ட" அப்படியே. ஜெர்மனில் அந்த ஒலி மாறினால் பொருளே மாறும். கல்லாப்பெட்டிக்கு ஒரு சொல், சந்துக்கு ஒரு சொல்; இரண்டையும் தமிழில் எழுதினால் "காஸெ" என்றுதான் வரும். ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் "பாக்கன்" என்று ஒன்றாகிவிடும். இந்தக் கட்டுரையில் நானே அப்படி எழுதுகிறேனே என்று கேட்டால், இது வாசிக்க; நோட்டு பேச.

கூடவே ஒரு எச்சரிக்கை. சொல்லின் கடைசி மெய்யோடு உகரத்தை ஒட்டிவிடுவது நம் வாய்ப்பழக்கம். "இஸ்ட் கூட்" என்பது "இஸ்ட்டு கூட்டு" ஆகிவிடுகிறது. முதல் வாரத்திலேயே அதை வெட்டாவிட்டால் பி2 வரை கூட வரும்.

டேர், டீ, டாஸுக்குக் காரணம் தேடுவது

ஜெர்மனில் பொருள்களின் பெயருக்கும் பால் உண்டு; ஆண்பாலுக்கு "டேர்", பெண்பாலுக்கு "டீ", இரண்டும் இல்லாததற்கு "டாஸ்" முன்னால் வரும். ஒரே சாப்பாட்டு மேசையில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லாத பால். ஏன் சார் என்று கேட்காத பிள்ளை இல்லை. தமிழில் பால் பொருளை ஒட்டி நடக்கிறது; கரண்டியும் கத்தியும் அஃறிணை, கேள்வியே எழாது. இங்கே தமிழ் கைகொடுக்காது, இங்கிலீஷும் கொடுக்காது. "உங்", "ஹைட்", "கைட்" என்று முடிகிற பெயர்கள் பெண்பால், "ஹென்" என்று முடிகிற சிறுமைப் பெயர்கள் அஃறிணைப் பால் என்பது போன்ற சில விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதை "டேர்", "டீ", "டாஸ்" சேர்த்தே வாயில் ஏற்றுங்கள். தனியாக ஏற்றிய சொல்லுக்குப் பிறகு பால் ஒட்டாது. ஆயிரம் சொல்லை இரண்டாம் முறை படிக்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செல்போன் செயலி மட்டும் போதும் என்பது

பஸ்ஸில் வரும்போது பாருங்கள். இறங்கியதும் மூடிவிடுங்கள்.

பேச்சுத் தேர்வுக்கு மனப்பாடம்

பத்தாம் வகுப்பில் கட்டுரையை வரி பிசகாமல் எழுதி மார்க் வாங்கிய கை சும்மா இருக்குமா? முன்னால் தேறியவர்களிடமிருந்து கட்டுரைகளை வாங்கி அப்படியே உருப்போடுகிறார்கள். பி1 பேச்சுத் தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே இது எங்கே உடையும் என்று தெரியும். இரண்டு பேர் ஜோடியாக உட்கார்கிறார்கள். முதலில் இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிட வேண்டும். அடுத்து, தருகிற இரண்டு தலைப்புகளில் ஒன்றை எடுத்து ஐந்து பகுதிகளாகப் பேச வேண்டும். அதன்பின் கூட உட்கார்ந்தவரும் தேர்வாளரும் கேள்வி கேட்பார்கள். நடுப்பகுதியை ஒப்பித்துக் கடந்துவிடலாம். முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் எதிரே இருப்பவர் என்ன சொல்வார் என்பது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

மாதிரித் தேர்வில் ஒரு பெண் சைக்கிள் பயணத்தின் நன்மைகளைக் கடகடவென்று கொட்டினார். பக்கத்துப் பெண், "உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா?" என்று கேட்டார். பதில் ஒரே சொல்தான். வரவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். தவறவிட்ட பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது நிம்மதி. ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு இன்னொரு டிக்கெட்டும் உண்டு.

நான் செய்யச் சொல்வது இதுதான். தலைப்புக்கு ஐந்து சொற்கள் மட்டும் தாளில் எழுதுங்கள், வாக்கியம் கூடாது. அதை வைத்து மூன்று நிமிடம் பேசுங்கள், பிறகு அதையே ஒரு நிமிடத்தில் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர் நடுவிலேயே குறுக்கிட்டுக் கேள்வி கேட்க வேண்டும், அதுவும் அசட்டுக் கேள்வியாக.

புத்தக ஜெர்மனோடு நின்றுவிடுவது

ஜெர்மனியின் தெற்கே இருக்கிற பவேரியா பக்கம் வேலைக்குப் போனவர்கள் முதல் வாரம் போன் செய்து அழுவார்கள். வகுப்பில் வணக்கம் சொல்லப் படித்த "கூட்டன் டாக்" அங்கே "கிரூஸ் காட்" ஆகியிருக்கும். முதியவர்கள் வட்டார வழக்கிலேயே பேசுவார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. பாடப்புத்தகத் தமிழை மட்டும் படித்த ஒருவரைக் கொண்டுவந்து நம் பஸ் நிலையத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். அவர் பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் லத்தீனில் தனித்தனி இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. ஒன்றைப் படித்தால் மற்றது வந்துவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பி1 முடித்ததும், போகப்போகிற ஊரின் வானொலியைத் தினமும் கொஞ்சம் கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, காது பழகட்டும்.

எண்களை முதல் மாதத்தோடு மறந்துவிடுவது

ஏ1-ல் ஒன்று முதல் நூறு வரை ஒப்பித்துவிட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜெர்மனில் 24 என்பதை "நாலும் இருபதும்" என்ற வரிசையில் சொல்வார்கள். அவசரத்தில் கேட்டால் கை 42 என்று எழுதிவிடும். ரத்த அழுத்தம் 135 என்றால் நூறு, ஐந்து, முப்பது என்று காதில் விழும். தமிழிலும் இங்கிலீஷிலும் பத்து முன்னால், ஒன்று பின்னால். ஆகவே இரண்டுமே இங்கே உதவாது. எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது: நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். இரண்டரை மில்லிகிராம் அங்கே 2,5. நேர்மாறாக, ஆயிரத்தை 1.000 என்று எழுதுவார்கள். மருந்தளவில் இது விளையாட்டல்ல.

எண் முழுவதும் காதில் விழுவதற்கு முன் பேனாவை வைக்க வேண்டாம். வாங்கிய எண்ணைத் திருப்பிச் சொல்லி, டாக்டர் ஆமாம் என்ற பிறகு எழுதுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸின் பதிவெண்ணையும் மளிகைக்கடை பில்லையும் ஜெர்மனில் வாசித்துப் பழகலாம்; அதற்குக் கட்டணம் கிடையாது.