மும்பைக் கடற்கரையில் தன்னார்வலராக: முதல் முறை போகிறவர்களுக்கு

கடல் பாதுகாப்பில் தன்னார்வலராகச் சேரலாம் என்று இணையத்தில் தேடினால் மாலத்தீவு, பாலி என்று வாரக்கணக்கில் தங்கும் திட்டங்கள்தான் முதலில் வந்து நிற்கும். பெரும்பாலானவற்றுக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். மாட்டுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ இருக்கிறவர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை. மும்பையும் வெப்பமண்டலக் கடற்கரைதான். வொர்லி, ஹாஜி அலி பக்கத்துப் பாறைகளில் உயிருள்ள பவளம் உண்டு. கடற்கரைச் சாலை போட்டபோது சிலவற்றைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். ஒரு திட்டம் வரும்போது அந்தப் பாறையில் என்ன இருந்தது என்று காட்ட, தேதி போட்ட படங்கள் வேண்டும். அதை எடுப்பதுதான் நம் வேலை. நீச்சல் தெரிய வேண்டாம்.

படி 1: நாள் பார்ப்பது

பாதி வேலை இதுதான். தண்ணீர் நன்றாக வற்றினால்தான் பாறைக் குட்டைகள் வெளியே தெரியும். வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியிலும் அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் கடல் அதிகமாக ஏறும், அதே அளவுக்கு இறங்கவும் செய்யும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் இப்படி. அஷ்டமி, நவமி நாட்களில் இரண்டும் செங்குத்தாக இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றுவதும் குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று பாட்டி ஒதுக்கிய நாட்கள் கடலுக்குப் போகவும் ஆகாது!

நாளைத் தேர்ந்த பிறகு, மும்பைக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, இணையத்தில் பாருங்கள். தண்ணீரின் உயரத்தை மீட்டரில் போட்டிருப்பார்கள். தாழ்ந்த ஓதம் 1 மீட்டருக்கு மேல் என்றால் விட்டுவிடலாம், 0.5 மீட்டரை ஒட்டி இருந்தால் நல்ல நாள். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகலிலும் நள்ளிரவிலும் கடல் ஏறி நிற்கும், காலை 6, மாலை 6 வாக்கில் வற்றும். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆரம்பக்காரர்கள் விடிந்த பிறகு வற்றும் காலை வேளையையே எடுங்கள், இருட்டில் பாறையில் நிற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ரயில் பராமரிப்புக்கான மெகா பிளாக் தொடங்குவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். மழைக்கால அலையோடு விளையாட முடியாது.

படி 2: குழுவோடு போவது

தனியாகப் போகாதீர்கள். 2017இல் தொடங்கிய மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற குழு பொதுமக்களைக் கடற்கரை நடைக்கு அழைத்துப் போகிறது. அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் அறிவிப்பு வந்ததும் பதிவு செய்துகொள்ளுங்கள். கண் பழகும் வரை கூடவே போவது நல்லது. நமக்கு வெறும் பாறையாகத் தெரிகிற இடத்தில் அவர்கள் பத்து உயிர்களைக் காட்டுவார்கள்.

படி 3: உடுப்பு

பழைய கேன்வாஸ் ஷூ, முழுக்கால் பேன்ட், தொப்பி, தண்ணீர். செருப்பு கூடாது. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியும் கொட்டலசும் பிளேடு மாதிரி கிழிக்கும். சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் சின்னக் கீறலையும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 4: பாறையில் நடப்பது

தாழ்ந்த ஓத நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் கரையேறிவிடுங்கள். நுரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. முன்னால் பாறை காய்ந்திருக்கும்போதே பின்னால் இருக்கிற பள்ளம் நிரம்பிவிடும்.

பச்சைப் பாசி வழுக்கும். முடிந்தவரை வெறும் பாறையிலோ மணலிலோ கால் வையுங்கள். ஒரு குட்டையைத் தேர்ந்து, குந்தி உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது. அப்புறம் ஒரு சங்கு நடக்க ஆரம்பிக்கும், உள்ளே நண்டு குடியிருக்கும். கடல் சாமந்தி விரியும், கடற்பஞ்சு கண்ணுக்குப் படும். அதிர்ஷ்டம் இருந்தால் பேய்க்கணவாய் ஒன்று நிறம் மாற்றிக்கொண்டு நழுவும். ஓடி ஓடி நூறு படம் எடுக்கிறவர்களைவிட ஒரே குட்டையில் உட்கார்ந்தவர் அதிகம் பார்ப்பார் என்பது என் கட்சி.

கையால் எதையும் எடுக்காதீர்கள். கூம்பு வடிவச் சங்கு விஷமுள்ள ஊசியால் குத்தும். கல்லைப் புரட்டினால் அடியில் இருக்கிற உயிர்கள் வெயிலில் காயும். பவளம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஒரு துண்டுகூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

மணல் பகுதியில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை இருந்தால் விலகிவிடும். 2013இல் கிர்காம் சௌபாத்தியில் விநாயகரைக் கரைக்க இறங்கிய பலரைத் திருக்கை குத்தியது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 5: பதிவு

பார்த்த உயிர்களைப் படத்தோடு பதிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இலவசம். ஒரே உயிரை அருகிலிருந்து ஒன்று, சுற்றுப்புறத்தோடு ஒன்று என்று இரண்டு மூன்று படம் எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் பேனாவைக் காட்டலாம். போனில் இருப்பிடம் இயங்குகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் "நண்டு" என்று மட்டும் போட்டாலும் போதும், தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, இனம் இன்னது என்று குறைந்தது இரண்டு பேர் ஒத்துப்போனால் அது ஆராய்ச்சித் தரப் பதிவாகும். ஊகத்தில் பெயர் போடுவது மட்டும் வேண்டாம்.

படி 6: அப்புறம்

குப்பை அள்ளுவதுதான் பிடிக்கும் என்றால் வெர்சோவா கடற்கரை இருக்கிறது. வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் அங்கே தொடங்கிய வேலை, 2018 மார்ச்சில் ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போனதைப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

ஆமை பார்க்க வேண்டுமென்றால் ரத்னகிரி மாவட்டத்து வேளாஸ் கிராமத்தில், பொதுவாக மார்ச் வாக்கில், குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ஊர்க்காரர் வீட்டிலேயே தங்கலாம். பொங்கலுக்குச் சென்னை போகிறவர்கள் விடுப்பை ஒரு வார இறுதிக்கு நீட்டிக்கொண்டால், 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமை நடையில் சேர்ந்துகொள்ளலாம். இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்க வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் ஆமையைக் குழப்பும்.

மும்பைக் கரையில் அடிபட்ட ஆமையைக் கண்டால் திரும்பக் கடலில் தள்ளாதீர்கள். நிழலில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, வனத்துறையின் 1926 எண்ணுக்கு அழையுங்கள். மூக்கை மட்டும் மூடிவிடாதீர்கள். ஆமையும் நம்மைப்போல் காற்றைத்தான் சுவாசிக்கிறது.