ஆய்வு அதிகாரி கேட்ட ஃபைலை மறைத்தால் என்ன தண்டனை?

வங்கி வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ரிசர்வ் வங்கி அதிகாரி கேட்கிற ஃபைலைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் சார்?" பதில் 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

படி 1: பிரிவு 35-க்குப் போங்கள். அதன் 2-ஆம் உட்பிரிவுதான் நமக்கானது. இயக்குநரோ, அதிகாரியோ, ஊழியரோ, தன் பொறுப்பில் இருக்கும் கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் ஆய்வு அதிகாரி சொல்லும் நேரத்துக்குள் எடுத்துக் கொடுப்பது அவரவர் கடமை.

படி 2: இப்போது பிரிவு 46(2). ஆவணத்தைக் கொடுக்கவில்லை, கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்புறமும் மறுத்தால், மறுக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 50,000 ரூபாய் வரை கூடும். பத்து நாள் இழுத்தடித்தால் 25 லட்சம் வரை போகலாம்.

படி 3: பிரிவு 46(1). இதை நிதானமாகப் படியுங்கள். தெரிந்தே முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னாலோ, வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நல்ல ஊழியர்களும் சறுக்குகிற இடம் இதுதான். வீட்டுக்கடன் ஃபைலில் மதிப்பீட்டு அறிக்கை இல்லை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் அதிகாரி கேட்பார். இரவோடு இரவாக ஒன்றை டைப் அடித்து, போன வருடத் தேதி போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்திச் செருகிவிடுகிறார்கள். முதல் நாள் மாலை வரை அது ஃபைலில் ஒரு குறை. செருகியபின் அது சிறைக்குப் போகிற விஷயம். தயவுசெய்து செய்யாதீர்கள், யார் சொன்னாலும்.

இது ஏன் பெரிய விஷயம்? மும்பையின் பிஎம்சி (பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா) கூட்டுறவு வங்கியில், ஒரே குழுமத்தின் கடன்களை மறைக்க 21,000-க்கு மேற்பட்ட போலிக் கணக்குகளைக் காட்டியதாக 2019-இல் வழக்குப் பதிவானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டதும், பணம் போட்டவர்களால் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. ஓய்வூதியத்தை அங்கே வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

படி 4: ஆவணத்தை அழித்தால்? அதிகாரியின் விசாரணைக்குப் போகக் கூடாது என்று கிழிப்பதும், கம்ப்யூட்டரிலிருந்து நீக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 241-இல் வரலாம். 3 ஆண்டு வரை சிறை.

படி 5: தண்டனை எப்படி வருகிறது என்பதைப் பிரிவு 47, 47ஏ இரண்டிலும் பாருங்கள். 47ஏ-இன்படி வங்கி மீது ரிசர்வ் வங்கியே, விளக்கம் கேட்டபின், அபராதம் போடலாம்.

படி 6: சரி, ஆய்வு நாளில் நீங்கள் என்ன செய்வது? கேட்ட ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, நேரம் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஃபைல் கிடைக்கவில்லையா? "தேடினோம், கிடைக்கவில்லை, கடைசியாக இன்னாரிடம் இருந்தது" என்று எழுதிக் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.