கடுகளவு நீர்வண்டுகளை இனங்காண்பதில் நேரும் தவறுகள்

ஓடைக் கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டி டீ வடிகட்டியில் அலசுங்கள். வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு கொட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். கடுகளவுகூட இல்லாத கருப்புப் புள்ளிகள் சில நகரத் தொடங்கும். அவற்றில் ஒன்று நீர்ப்பரப்பின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, வயிற்றில் வெள்ளிபோல் காற்றுப்படலம் மின்ன, தலைகீழாக நடந்தால் விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஹைட்ரேனிடே குடும்பத்து வண்டு.

'எல்லாம் குட்டி நீர்வண்டுதான்' என்று ஒரே டப்பாவில் போடுவதுதான் முதல் தவறு. வண்டுகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கிளைகளிலிருந்து தண்ணீருக்குள் போனவை. அடெஃபகா, மிக்சோஃபகா, பாலிஃபகா என வண்டுகளின் பெரும்பிரிவுகளான மூன்று துணைவரிசைகளிலும் நீர்வண்டுகள் உண்டு. ஒரே குட்டையில் கிடப்பதால் உறவாகிவிடாது.

பலரையும் ஏமாற்றுவது உணர்கொம்பு. நானும் தொடக்கத்தில் ஏமாந்திருக்கிறேன். ஹைட்ரேனிடேயைச் சேர்ந்த ஹைட்ரேனா பேரினத்தில் தலைக்கு முன்னால் நீளமாக ஆடுவது உணர்கொம்பே அல்ல, வாயோரத்து உணரிகள். உண்மையான உணர்கொம்பு குட்டையானது, தலைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். ஹைட்ரோஃபிலிடே குடும்பத்திலும் இதே ஏமாற்று உண்டு. அதனால்தான் ஹைட்ரேனிடேயை ஒரு காலத்தில் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இன்று அதன் இடம் ஸ்டாஃபிலினாய்டியா என்ற பெருங்குடும்பம். அதாவது, குட்டைச்சிறகு வண்டுகளின் பக்கம். பழைய கையேட்டை மட்டும் நம்பினால் இங்கே சறுக்கும்.

வண்டை மல்லாத்திப் போட்டுப் பாருங்கள். உணர்கொம்பின் நுனிக்குமிழில் மென்மயிர் கொண்ட கணுக்கள் ஐந்து இருந்தால் ஹைட்ரேனிடே, மூன்று என்றால் ஹைட்ரோஃபிலிடே. வயிற்றில் வெளியே தெரியும் தகடுகள் முன்னதில் ஆறு அல்லது ஏழு, பின்னதில் பொதுவாக ஐந்து. உணர்கொம்பு நூல்போல் இருந்து, கால் நுனியில் பெரிய நகங்கள் தெரிந்து, நீந்தத் தெரியாமல் கல்லைக் கவ்விக்கொண்டிருந்தால் அது எல்மிடே என்ற வேறொரு குடும்பம்.

போட்டோவைப் பார்த்து இனப்பெயர் சொல்வதை எப்படியாவது நிறுத்த வேண்டும். ஹைட்ரேனாவில் மட்டும் ஏறத்தாழ 900 இனங்கள். ஆண் வண்டின் புணர்ச்சி உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்காமல் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரிக்க முடியாது. பேரினப் பெயரோடு நிறுத்துவதுதான் நேர்மை.

ஃபார்மலினில் போடாதீர்கள், டி.என்.ஏ. கெட்டுவிடும். 95 சதவீத எத்தனால் நல்லது. ஓடையின் பெயர், தேதி, உயரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடும். வெளியே ஒட்டிய சீட்டும் நிற்காது. காட்டோடை என்றால் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே வடிகட்டியைக் கையிலெடுங்கள்.