கதை வழியே மொழி கற்பிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

நல்ல கதை கிடைத்தால் போதும், மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்புவதில்தான் முதல் சறுக்கல். எவ்வளவு சுவையான கதையும் புரியாவிட்டால் வெறும் சத்தம். ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையைப் பிறர் உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது, 50 சொற்களுக்கு ஒன்றுதான் புதிது. நேரில் சொல்லும்போது சைகையும் படமும் கைகொடுக்கும், கொஞ்சம் தாராளம் காட்டலாம். ஆனால் நாமோ நாலு வரிக்குள் பத்துப் புதுச் சொற்களைத் திணிக்கிறோம்.

குழந்தைக் கதை என்றால் எளிதாக இருக்கும் என்ற நினைப்பும் தப்பு. அரண்மனை, மந்திரக்கோல், சாபம் என்று அன்றாடப் பேச்சில் வராத சொற்கள் அங்கேதான் அதிகம்.

அடுத்தது, ஒரு சொல்லை ஒரே தடவை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது. மூன்று நான்கு சொற்றொடர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றையே கதை முழுக்க நடமாட விடுங்கள். அமெரிக்காவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே உருவாக்கிய டிபிஆர்எஸ் (TPRS) என்ற, கதை சொல்லியும் படித்தும் மொழி கற்பிக்கும் முறை இதைக் கேள்விகளால் சாதிக்கிறது. 'பூனை தொப்பியைத் தேடியது' என்று சொன்னபின், 'பூனையா தேடியது, நாயா தேடியது?', 'நாய் தேடியதா?', 'பூனை எதைத் தேடியது?' என்று கேட்பார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலே போதும். அதற்குள் 'தேடியது' பலமுறை காதில் விழுந்திருக்கும். இதையே இயந்திரம் மாதிரி அடுக்கினால் கொட்டாவிதான் வரும். தொப்பி எங்கே கிடந்தது என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும், விசித்திரமான இடமாகத்தான் சொல்வார்கள்.

புரியாத சொல்லுக்குத் தாய்மொழியில் சட்டென்று பொருள் சொல்வதில் குற்றமில்லை. அதைக் கூடவே கூடாது என்பது, என்னைக் கேட்டால், வீண் வீம்பு. கதையை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் இலக்கணம் நடத்துவதுதான் கெடுதல்.

கதை முடிந்த கையோடு 'இதன் நீதி என்ன?' என்று கேட்கிறோமே, அதுவும் வேண்டாம். பூனை, தொப்பி அளவில் நிற்பவரிடம் அதைச் சொல்ல மொழி எங்கே இருக்கிறது? திருப்பிச் சொல்லவும் அவசரப்படுத்த வேண்டாம். சொல்லத் தொடங்கியவரை வரிக்கு வரி திருத்தினால் அப்புறம் வாயே திறக்கமாட்டார். பிழையான வரியை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

மறுநாளே புதுக் கதைக்குத் தாவாமல், பழையதைப் பூனையின் வாயால் சொல்லிப் பாருங்கள். 'தேடியது' அப்போது 'தேடினேன்' ஆகும், கதை தெரிந்ததால் கவனம் அந்த மாற்றத்தில் நிற்கும்.