வீட்டில் பாட்டும் கிட்டாரும் பதிவு செய்ய ஏற்ற மைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டிலேயே பாட்டையும் கிட்டாரையும் பதிவு செய்யத் தொடங்குபவர்கள், எந்த மைக் வாங்கலாம் என்று தேடும் முன், பதிவு செய்யப்போகும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பார்க்க வேண்டும். தட்டிய ஓசை அப்போதே அடங்கிவிட்டால் நல்லது. வெறும் சுவர்களுக்கிடையே மோதிச் சற்று நேரம் ஒலித்துக்கொண்டிருந்தால், அந்த எதிரொலி உங்கள் குரலோடும் சேர்ந்தே பதிவாகும். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, வெளி இரைச்சல் எவ்வளவு கேட்கிறது என்று கவனியுங்கள்.

இரண்டாவது படி, மைக்கின் வகையைத் தீர்மானிப்பது. டைனமிக் மைக்கில், ஒலி பட்டு அசையும் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்துக்குள் நகர்ந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். கண்டென்சர் மைக்கில் கம்பிச்சுருள் கிடையாது. சவ்வு மிக இலேசானது என்பதால், கிட்டார்க் கம்பியில் விரல் உராயும் ஓசை வரை தெளிவாகப் பிடித்துவிடும். தெருவில் போகும் வண்டியையும் அதே கூர்மையோடு பிடிக்கும். 1966-இல் வெளிவந்து இன்றும் மேடைகளில் புழங்கும் ஷ்யூர் எஸ்எம்58 என்னும் டைனமிக் மைக், 1 பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட் தருகிறது; புதியவர்கள் பரவலாக வாங்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்னும் கண்டென்சர் மைக்கோ ஏறக்குறைய 14 மில்லிவோல்ட் தருகிறது. அதாவது, அதே ஒலிக்குக் கண்டென்சர் பல மடங்கு வலுவான மின்சமிக்ஞை தருகிறது. விரலால் மென்மையாக மீட்டும் கிட்டாரை டைனமிக் மைக்கில் பதிந்தால் கெயினை, அதாவது மைக்கின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, வெகுவாக ஏற்ற வேண்டியிருக்கும். விலை குறைந்த கருவிகளில் அப்போது ‘உஸ்’ என்னும் இரைச்சலும் கூடவே ஏறும். ஆகவே அமைதியான அறை வாய்த்தவர்களுக்குக் கண்டென்சரையும், இரைச்சலுக்கு நடுவே மைக்கை ஒட்டி நின்று பாடுபவர்களுக்கு டைனமிக்கையும் பரிந்துரைப்பேன். அறை சுமார்தான், ஆனால் ஒரே மைக்கில் இரண்டையும் பதிய வேண்டும் என்றால், கனத்த திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறைக்கு இடம் மாறி, கண்டென்சரையே வாங்குவேன்.

அடுத்தது இணைப்பு. யுஎஸ்பி மைக்கை நேராகக் கணினியில் செருகிவிடலாம். தனியாகப் பாடிப் பழகுபவருக்கு அதுவே போதும். பின்னாளில் குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என இரண்டு மைக் வைக்கும் எண்ணம் இருந்தால், எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் செருகி) மைக்கோடு, இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் சமிக்ஞையைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, வாங்குவதே சிக்கனம். கண்டென்சர் என்றால், அந்த இன்டர்ஃபேஸ் 48 வோல்ட் பேண்டம் பவர் (மைக் கம்பி வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் மைக் வாயே திறக்காது.

மைக்கின் குறிப்பேட்டில் ‘கார்டியாய்டு’ என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்புற ஒலியை நன்றாக வாங்கி, நேர்பின்னால் வருவதைப் பெருமளவு ஒதுக்கும் அமைப்பு அது. ஆகவே கணினி போன்ற இரைச்சல் தரும் பொருளை மைக்கின் முதுகுப்பக்கம் விடலாம். பல கண்டென்சர் மைக்குகளின் முகம் பக்கவாட்டில் இருக்கும். இது தெரியாமல் ஒரு வாரம் முழுக்க மேல்நுனியைப் பார்த்துப் பாடிவிட்டு, மைக் மட்டம் என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு.

மைக் கைக்கு வந்ததும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரே வைத்தால் அடிச்சுரம் குடம்போல் உறுமும். 12-ஆவது ஃப்ரெட்டை நோக்கி 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்துத் தொடங்குங்கள். குரலுக்கு 15 செ.மீ. இடைவெளியும் நடுவில் ஒரு பாப் ஃபில்டரும் (‘ப’ போன்ற எழுத்துகளில் வாயிலிருந்து வரும் காற்றடியைத் தடுக்கும் வலை) வேண்டும். மேலும் நெருங்கினால் குரலில் கனம் கூடும். மிக உரத்த இடத்தில்கூட பதிவு மென்பொருளின் ஒலி அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வைத்து, ஒரே பாடலை மூன்று தூரங்களில் பதிந்து, மறுநாள் காலையில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். மூன்றிலும் அறையின் எதிரொலியே முன்னால் நின்றால், மைக்கைத் திருப்பி அனுப்பும் முன் அதன் இடத்தை மாற்றிப் பாருங்கள்.