மோரோவிண்ட்: முதல் பத்து மணி நேரத்தைத் தாண்டுவது எப்படி

மோரோவிண்டுக்குப் பின்னால் அதே வரிசையில் வந்த ஸ்கைரிம் என்ற கணினி கேமில் ஊறியவன் என் அக்கா மகன். போன கோடை விடுமுறைக்கு வந்தவன், "மாமா, நீங்க சொல்லிட்டே இருப்பீங்களே, அந்தப் பழைய கேமைப் போட்டுக் கொடுங்க" என்றான். போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டான். "என்ன மாமா இது, நண்டைக் குத்துறேன், கத்தி உள்ளேயே போகுது, ஆனா பட மாட்டேங்குது. பக் தானே?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2002-ல் பெதஸ்தா நிறுவனம் வெளியிட்ட மோரோவிண்டில் நீங்கள் கத்தியை வீசும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு தாயம் உருளும். அது விழுந்தால்தான் அடி. ஆயுதத் திறமை, அதோடு அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு, இவற்றைக் கூட்டுங்கள். பச்சைப் பட்டை, அதாவது களைப்பைக் காட்டும் ஃபட்டீக், நிரம்பியிருந்தால் அதை 1.25-ஆல் பெருக்கும், காலியாக இருந்தால் 0.75-ஆல். எதிரி விலகும் திறமை இதில் கழியும். மிஞ்சுவதுதான் அடி படும் சதவீதம்.

மருமகன் என்ன செய்திருந்தான்? வாள் வீரனாகப் பாத்திரம் படைத்தான். ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் சுங்க அலுவலக மேசையில் கிடந்த இரும்புக் குத்துவாளை எடுத்துக்கொண்டான். அதற்கு வேண்டியது ஷார்ட் பிளேடு, குட்டைக் கத்தித் திறமை. அவன் வளர்த்தது லாங் பிளேடு, நீள வாள் திறமை. அவன் பட்டியலில் இல்லாத திறமை 5-ல்தான் தொடங்கும். 5, அஜிலிட்டி 40-க்கு 8, லக் 40-க்கு 4: மொத்தம் 17. பச்சைப் பட்டை நிரம்பியிருந்தாலே 21 சதவீதம். இவனோ நண்டைப் பார்த்த இடத்திலிருந்து ஓடிப்போய்க் குத்தினான். ஓடினால் பட்டை இறங்கும், குதித்தால் இறங்கும், வீசினாலும் இறங்கும். எட்டு வீச்சுக்கு ஒன்று பட்டிருந்தால் அதிசயம்.

ஆகவே முதல் ஆட்டத்துக்கு ரெட்கார்ட் இனம் எடுங்கள். லாங் பிளேடை முதன்மைத் திறமையாக வைத்து, போர் பிரிவைத் தேர்ந்தால் அது 50-ல் தொடங்கும். அதே கணக்கைப் போட்டால் 77 சதவீதம் வரும். பத்துக் கேள்வி கேட்டு வகுப்பைச் சொல்லும் வழியும் இருக்கிறது. ஜாலியாக இருக்கும், ஆனால் அதன் தலையில் பொறுப்பைக் கட்டாதீர்கள். உங்கள் வகுப்பை நீங்களே அமையுங்கள். பிறப்பு ராசியில் லேடி. அது எண்டூரன்ஸை, அதாவது தாங்கும் சக்தியை, 25 கூட்டும். ரெட்கார்ட் ஆணின் 50, விருப்பப் பண்பாகத் தேர்ந்தால் இன்னும் 10, ஆக 85-ல் தொடங்கலாம். ஒவ்வொரு லெவலுக்கும் எண்டூரன்ஸில் பத்தில் ஒரு பங்குதான் உயிர் கூடும். பின்னால் எண்டூரன்ஸை ஏற்றினால் விட்டுப்போன பழைய பாக்கி வராது. மந்திரக்காரராக ஆட ஆசை என்றாலும் அட்ரோநாக் ராசியை இரண்டாம் முறைக்கு வையுங்கள். அதை எடுத்தால் தூங்கினாலும் மந்திர சக்தி ஊறாது.

சுங்க அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது கையில் 87 காசும் ஒரு பொட்டலமும் இருக்கும். முற்றத்துப் பீப்பாயில் ஒரு மோதிரம் கிடக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கும் ஃபார்கோத் அதைக் கேட்பான். கொடுத்துவிடுங்கள், ஊர்க் கடைக்காரர் அரில் உங்களிடம் கொஞ்சம் இணக்கமாகப் பேசுவார். அவரிடம் உங்கள் திறமைக்கேற்ற மலிவான ஆயுதம் ஒன்று வாங்குங்கள். பிறகு எதிரியைக் கண்டால் நில்லுங்கள், மூச்சு வாங்குங்கள், நடந்து போய் வெட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

அடுத்து, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. இதில் திரையில் அம்புக்குறி கிடையாது. "தெற்கே ஊரைத் தாண்டு, ஆற்றைக் கடந்து கிழக்கே போ, கோட்டை வரும், அதற்கப்பால் பழைய பாலம்" என்று ஒருவர் வாயால் சொல்வார். எங்கள் ஊரில் வழி கேட்டால் கிடைக்கும் பதிலைப் போலவே இருக்கும். சில இடங்களில் வழி சொல்பவர் திசையையே மாற்றிச் சொல்லிவிடுவார், அதுவும் ஊர் வழக்கம்தான். குறிப்பேடு என்று ஒன்று உள்ளே உண்டு. ஆனால் எல்லா வேலைகளையும் நாள்வாரியாக ஒரே கட்டாகக் கொட்டி வைத்திருக்கும். பத்து வேலை சேர்ந்ததும் அதில் தேடுவது வீட்டுப் பரணில் தேடுவது மாதிரி.

பால்மோரா என்ற ஊரில் காயஸ் கொசாடெஸ் என்ற கிழவரைப் பார்க்கச் சொல்வார்கள். சட்டை போடாமல் நிற்பார், ஆள் பேரரசின் ஒற்றர். அவர் காசு கொடுத்து, "போய் அனுபவம் சேர்த்துக்கொண்டு வா" என்பார். அதை அப்படியே கேளுங்கள். மெயின் கதையை விட்டுவிட்டு போர்வீரர் சங்கத்திலோ மந்திரவாதிகள் சங்கத்திலோ சேர்ந்து நான்கைந்து லெவல் ஏறுங்கள். அவசரப்பட்டு ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டுக்குள் மெயின் கதைக்கு வேண்டிய புதிர்ப் பெட்டி தேடப் போனால் இரண்டு தொல்லை. கதவு திறக்காது; பக்கத்துக் குழாயில் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். பெட்டியோ சின்னது, அலமாரியில் மற்ற சாமான்களோடு கிடக்கும். நான் முதல் முறை அதைத் தேடி மூன்று ராத்திரி அலைந்தேன். அலமாரி அலமாரியாகப் பாருங்கள்.

ஊர்களுக்கு இடையே சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சிதான் பேருந்து. எல்லா ஊருக்கும் நேரடி வண்டி இல்லை. தொடக்க ஊரான சேடா நீனிலிருந்து ஆல்ட்ரூன் என்ற ஊருக்குப் போக பால்மோராவில் இறங்கி மாற வேண்டும். படகு வேறு, மந்திரவாதிகள் சங்கத்து டெலிபோர்ட் வேறு. எந்த ஊரில் எது கிடைக்கும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஆட்டம் நடக்கும் அந்தத் தீவு உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஸ்கைரிமில் முன்னூறு மணி நேரம் ஆடிய மருமகனுக்கு ஒயிட்ரனிலிருந்து ரிஃப்டனுக்குச் சாலை வழியாக எப்படிப் போவது என்று தெரியாது. கேட்டுப் பார்த்தேன்.

குறைகளை மறைக்க மாட்டேன். ஊர்க்காரர்கள் பகலும் இரவும் அதே இடத்தில் நிற்பார்கள், வீட்டுக்குப் போவதில்லை. ஒரே கேள்விக்கு ஐம்பது பேர் ஒரே பத்தியை ஒப்பிப்பார்கள். விவெக் நகரத்தின் கட்டடங்கள் அச்சில் வார்த்தவை; நான் இன்றும் அங்கே வழி தவறுகிறேன். கிளிஃப் ரேசர் என்ற பறவை, கொன்றாலும் கொன்றாலும் வந்துகொண்டே இருக்கும். ரசவாதத்தில் அறிவை ஏற்றும் மருந்தைக் குடித்து, அந்த அறிவால் இன்னும் பலமான மருந்து காய்ச்சி, அதையும் குடித்து என்று போனால் கடவுளையே ஒரே அடியில் சாய்க்கலாம். ஒரு முறை செய்து பாருங்கள், பிறகு ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை என் சொந்தக் கதை. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஆடியபோது ஒரு முக்கியமான ஆளைக் கோபத்தில் கொன்றுவிட்டேன். விதியின் இழை அறுந்தது என்கிற மாதிரி ஒரு செய்தி வந்தது. ஆங்கிலம் அரைகுறை, படிக்காமலே ஓகே அழுத்தினேன். மூன்று வாரம் கழித்துத்தான் கதை நகராது என்று புரிந்தது. வைத்திருந்ததோ ஒரே ஒரு சேவ் (ஆட்டத்தைச் சேமித்த கோப்பு). நீங்கள் குறைந்தது பத்து வையுங்கள். யாரையும் கொல்லலாம், அதன் விலையையும் கட்டலாம் என்று விட்டிருப்பதுதான் எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த விஷயம், அன்றைக்குத்தான் பிடிக்கவில்லை.

இன்று வாங்கினால் ட்ரைபூனல், பிளட்மூன் இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்தே வரும். ஆட்டத்தைத் தொடங்கும் லாஞ்சரில் ட்ரைபூனலின் டிக்கை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் லெவலில் தூங்கும்போதே கூலிக்கொலையாளி வந்து நிற்பான். பத்து லெவல் தாண்டியதும் போட்டுக்கொள்ளலாம். ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினையும் நிறுவி, வாங்கிய ஆட்டத்தின் கோப்புகளை அதற்குக் காட்டுங்கள். தூரத்து மலை தெரியும், அடிக்கடி நின்றும் போகாது. அப்புறம் ரசிகர்கள் செய்த கிராபிக்ஸ் மாட் நூறு போடலாம் என்று போகாதீர்கள், முதலில் ஆடுங்கள்.

மருமகன் மறுபடி உட்கார்ந்தான். சேடா நீனுக்கு வடக்கே சாலையில் போகும்போது வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டு விழுந்து செத்தான். அவன் பையில் மூன்று சுருள்கள். படித்துவிட்டுக் குதித்தால் குதிக்கும் திறமை ஆயிரம் கூடும், ஆனால் ஏழே வினாடிக்கு. ஒன்றைப் படித்துக் குதித்தான். அரைத் தீவைத் தாண்டிப் பறந்து, தரையில் விழுந்து செத்தான். சேவைத் திறந்து மறுபடி குதித்தவனிடம், தரை நெருங்கும்போது இரண்டாவதைப் படி என்றேன். படித்தான். எங்கோ சாம்பல் காட்டின் நடுவில் முழு உயிரோடு இறங்கி, "மாமா, இது எந்த ஊரு?" என்றான். நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.